உதவி கேட்கவும் செய்யவும்: எந்த இடத்தில் எந்தச் சொல்

‘உதவி’ எல்லா இடத்துக்கும் பொருந்துகிற சொல். பல இடங்களில் அது பலிக்காமல் போவதற்கும் அதுவே காரணம். “ஒரு உதவி வேணும்” என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்: பணமா, சிபாரிசா, அரை மணி நேர வேலையா, ஆறு மாதம் இழுக்கிற விவகாரமா? அந்தக் கணக்கு முடிவதற்குள் முகம் மாறிவிடும். நீங்களும் கேட்க வந்ததைப் பாதியாகக் குறைத்துக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். இவை ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் உண்டு. அளவு, தவணை, பொறுப்பு எல்லாம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கும்.

வாயைத் திறப்பதற்கு முன் மூன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். வாங்குவதைத் திருப்பித் தரவேண்டுமா? வேண்டியது கையுழைப்பா, பணமா, ஒரு வார்த்தை சொல்லிவிடுவதா, சும்மா கூட இருப்பதா? காரியம் தொடங்கியபின் பொறுப்பு யார் தலையில்? மூன்றாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். மனக்கசப்பு முளைப்பதும் அங்கேதான்.

வீட்டிலும் தெருவிலும்

ஒத்தாசை என்றால் வேலை உங்களுடையது, வருபவர் கூடமாட நிற்கிறார். விசேஷ வீட்டில் காய் நறுக்குவது, வீடு மாற்றும்போது சாமான் ஏற்றி இறக்குவது, அறுப்பு நாளில் ஒரு கை கொடுப்பது எல்லாம் ஒத்தாசை. நீங்கள் களத்தில் இருந்தாக வேண்டும். முழு வேலையையும் ஒருவரிடம் விட்டுவிட்டு நீங்கள் வெளியே கிளம்பினால் அதற்குப் பெயர் ஒத்தாசை அல்ல, கூலி தராத வேலை. கேட்கும்போது நேரத்தையும் சொல்லிவிடுங்கள்: “ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணியிலேர்ந்து பத்து மணி வரைக்கும் கூடமாட ஒத்தாசையா இருக்க முடியுமா?”

துணை வேறு. துணைக்கு வருபவர் எதையும் செய்யவேண்டியதில்லை, இருந்தால் போதும். “இன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில துணைக்குப் படுத்துக்கிறியா?” என்பது தெளிவான கேள்வி. துணைக்கு என்று கூப்பிட்டு, வந்தவரை மருந்துக் கடைக்கும் ஸ்கேன் அறைக்கும் பில் கவுன்டருக்கும் ஓடவிட்டால் அடுத்த முறை அவர் போனை எடுக்கமாட்டார். அலைய ஆள் வேண்டுமானால் “நாலு இடம் அலையணும், வண்டி வச்சிருக்கிற ஆளா வேணும்” என்று முதலிலேயே சொல்லிவிடலாம். அலைய ஒருவர், இருக்க ஒருவர் என்று இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்பதே நல்லது. இரண்டையும் ஒரே ஆளால் செய்ய முடியாது.

பார்த்துக்கொள்வது என்று வந்துவிட்டால் பொறுப்பு முழுசாகக் கை மாறுகிறது. “குழந்தையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க அக்கா” என்பதில் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று இருவருக்கும் ஒன்றாக இருக்காது. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், குழந்தை என்ன சாப்பிடும், என்ன சாப்பிடக்கூடாது, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற நாலு தகவலும் ஒரு தாளிலோ வாட்ஸாப்பிலோ எழுத்தாகப் போய்ச்சேர வேண்டும். படுத்த படுக்கையான பெரியவர் என்றால் மருந்து நேரமும் கடைசியாகக் கொடுத்த வேளையும் கட்டாயம். இந்தக் கடைசித் தகவல் விடுபட்டால்தான் ஒரே மாத்திரை இரண்டு தடவை உள்ளே போகிறது.

“ஒரு கை பிடிங்க” என்பதுதான் இருப்பதிலேயே சின்ன உதவி. சிலிண்டர், பீரோ, மழையில் நின்றுபோன வண்டி. தெருவில் போகிற முன்பின் தெரியாதவரிடம்கூடக் கேட்கலாம். முடிந்ததும் விட்டுவிடவேண்டும். பிடித்த கையோடு மாடிப்படியும் ஏறச் சொன்னால் அது வேறு கணக்கு.

வயதில் பெரியவரிடம் ஒத்தாசை கேட்பது பொருந்தாது. அண்ணன் மகன் கல்யாணத்தில் மாமாவையோ சித்தப்பாவையோ “நீங்க முன்ன நின்னு நடத்திக் கொடுக்கணும்” என்றுதான் அழைப்பார்கள். வேலை ஒன்றாகவே இருக்கலாம். பந்தியைக் கவனிப்பது, சமையல்காரரிடம் பேசுவது. ஆனால் இந்தச் சொல் அவரை வேலைக்கு அழைக்கவில்லை, தலைமைக்கு அழைக்கிறது. அழைத்த பிறகு அவர் எடுக்கிற முடிவைக் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பதையும் யோசித்துக்கொண்டு அழையுங்கள். இளையவரிடம் “தம்பி, கூட இருந்து பாத்துக்கப்பா” போதும்.

ஆள் பார்த்துச் சொல் மாறுவது நேற்று வந்த பழக்கமல்ல. உயர்ந்தவரிடம் கேட்பவர் ‘ஈ’ என்றும், ஒப்பானவரிடம் கேட்பவர் ‘தா’ என்றும், தாழ்ந்தவரிடம் கேட்பவர் ‘கொடு’ என்றும் சொல்வது முறை என்று தொல்காப்பியமே பிரிக்கிறது. ‘ஈ’ பேச்சிலிருந்து போய்விட்டது. ஈகை, ஈந்தார் என்று எழுத்தில் மட்டும் தங்கியிருக்கிறது. இன்னொரு பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது: எனக்கும் உனக்கும் வருவது ‘தருவது’, மூன்றாமவருக்குப் போவது ‘கொடுப்பது’. “எனக்குத் தா”, “அவனுக்குக் கொடு”. மனுவிலும் அறிக்கையிலும் இதைக் கலந்துவிடாமல் இருந்தால் வாசகம் சுத்தமாக இருக்கும்.

பணம் என்று வரும்போது

சொல் தவறினால் இங்கேதான் உறவு முறியும். கொடுப்பவர் ஒன்றை நினைத்துக் கொடுக்க, வாங்குபவர் வேறொன்றை நினைத்து வாங்கிக்கொள்வார்.

கைமாற்று: வட்டியில்லை, எழுத்தில்லை, சில நாட்களில் திரும்பவேண்டும். “சம்பளம் வந்ததும் தந்துடறேன், ரெண்டாயிரம் கைமாத்தா குடுங்க” என்பது சரியான கேள்வி. தொகையும் நாளும் உள்ளே இருக்கின்றன. மாதம் தாண்டினால் அது கைமாற்று என்ற நிலையைத் தாண்டிவிட்டது. நீங்களே போய் “இன்னும் ஒரு மாசம் ஆகும்” என்று சொல்லிவிடுங்கள். தொகை பெரிது, வருடக் கணக்கில் ஆகும் என்றால் ‘கடன்’ என்றே சொல்லி எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்து ஸ்டாம்பின்மேல் விழும்படி போடவேண்டும். வழக்குப் போடும் காலக்கெடு 3 வருடம். அதற்குள் வட்டியோ அசலோ ஒரு பகுதி கொடுத்து நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கினால் கெடு அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஓடும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை இந்திய வருமான வரிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வங்கி வழியாக வாங்குங்கள்.

மொய் என்பது பரிசு மாதிரித் தெரிகிற கடன். மொய் நோட்டில் ஊர், பெயர், தொகை ஏறிவிடும். மொய் வைத்தவர் வீட்டு விசேஷத்தில் அதே தொகையோ கூடுதலோ திரும்பிப் போகவேண்டும். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துகளுக்கு இந்தத் திருப்பம்தான் அச்சாணி. கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமல், கறிச்சோறு போட்டு மொய் வாங்கி, வந்த மொத்தத்தைக் கிணறு வெட்டவோ கடை வைக்கவோ கடன் அடைக்கவோ எடுத்துக்கொள்வார்கள். அதனால் அந்தப் பக்கத்தில் போய் மொய்யை ‘அன்பளிப்பு’ என்று எழுதி வைத்தால் நோட்டுக் கணக்கு குழம்பும். மதுரைப் பக்கம் ‘செய்முறை’ என்பதும் இந்த வகைதான். என்ன வந்தது என்று எழுதி வையுங்கள், அடுத்த தலைமுறைக்கும் அது தேவைப்படும்.

திரும்ப வேண்டாத பணத்தில் முக்கியமானவை மூன்று. பொதுக் காரியத்துக்கு நிறுவனத்திடம் தருவது நன்கொடை. இதற்கு ரசீது உண்டு, கேட்டு வாங்கவேண்டும். இந்தியாவில் 80ஜி என்று சொல்லப்படும் நன்கொடை வரிச்சலுகை பழைய வரிமுறையில்தான் கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடைக்காது. தனி மனிதருக்கு மகிழ்ச்சிக்காகத் தருவது அன்பளிப்பு. இந்தச் சொல்லை அரசு அலுவலகத்தின் வாசலில் உச்சரிக்காதீர்கள். அங்கே அதற்கு லஞ்சம் என்ற அர்த்தம் ஒட்டிக்கொண்டுவிட்டது. “கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க” என்பதும் அப்படித்தான். காய்கறிக் கடையில் அது விலை குறைக்கச் சொல்வது. அலுவலகத்தில் அதே வாக்கியம் வேறு விதமாகக் காதில் விழும். மூன்றாவது தானம். புண்ணியம் என்ற எண்ணம் அதோடு சேர்ந்தே வருவதால், ஏழை மாணவனுக்கு நீங்கள் கட்டுகிற கல்லூரிக் கட்டணத்தை அவன் முன்னால் தானம் என்றோ தர்மம் என்றோ சொல்லாதீர்கள். அது அவனை யாசகன் இடத்தில் நிறுத்திவிடும். “ஃபீஸ் நான் கட்டிடறேன்பா” போதும், பெயரே வேண்டாம்.

வழிபாட்டிடங்களின் சொற்கள் தனி. உண்டியலில் போடுவது காணிக்கை; விளக்கு, மணி, நாற்காலி என்று பொருளாகக் கொடுப்பது உபயம்; வருடந்தோறும் ஒரு பூசை நடக்க முதல் எழுதிவைப்பது கட்டளை. நெல்லை, குமரிப் பக்கம் ‘கொடை’ என்றால் அம்மன், சுடலைமாடன் கோயில் திருவிழா. “கொடைக்கு வாங்க” என்று அழைத்தால் நன்கொடை கேட்கிறார்கள் என்று பயப்பட வேண்டாம் (கோயில் வரியும் கேட்பார்கள், அது வேறு). முஸ்லிம்களிடம் ஜகாத் கடமை, தகுதியுள்ள சேமிப்பில் இரண்டரை சதவீதம், போய்ச்சேர வேண்டிய எட்டு வகையினரும் வரையறுக்கப்பட்டவர்கள். சதகா விருப்பத்தின் பேரில் தருவது. பள்ளிவாசலின் பொதுநிதியான பைத்துல்மாலிடம் விண்ணப்பிப்பவர் தனக்கு வேண்டியது ஜகாத்தா, வட்டியில்லாக் கடனா என்று எழுதினால்தான் எந்தக் கணக்கிலிருந்து தருவது என்று அவர்களால் தீர்மானிக்க முடியும்.

அரசு அலுவலகத்துக்கு எழுதும்போது

மனுவின் ‘பொருள்’ வரியில் “உதவி வேண்டி” என்று எழுதினால் அந்த மனு எந்த மேசைக்குப் போவது என்று அங்கே யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் குவிகிற மனுக்களைத் துறைவாரியாகப் பிரிப்பவர் படிப்பது பெரும்பாலும் அந்த ஒரு வரியைத்தான். ஆகவே பொருளையே பெயர் சொல்லிக் கேளுங்கள்:

பொருள்: மாற்றுத்திறனாளிக்கான மூன்று சக்கர சைக்கிள் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

உடல் பகுதியில் மூன்று பத்தி போதும். முதல் பத்தியில் பெயர், வயது, முகவரி, குடும்ப அட்டை எண், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எண், ஊனத்தின் சதவீதம். இரண்டாவதில் இப்போது எப்படிப் போய்வருகிறார், வேலைக்கோ படிப்புக்கோ எவ்வளவு தூரம். மூன்றாவதில் கோரிக்கை ஒரே வாக்கியத்தில், அதன்கீழ் இணைப்புகளின் பட்டியல். குடும்பக் கஷ்டம் முழுவதையும் இரண்டு பக்கம் எழுதினால் கோரிக்கை அதற்குள் புதைந்துவிடும். பெறுநர் ஆட்சியராக இருக்கலாம். முடிவெடுப்பவர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், எனவே நகல் அவருக்கும் போகட்டும். மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். அதிலுள்ள எண்தான் பின்னால் விசாரிக்கக் கைப்பிடி. தமிழ்நாட்டில் முதல்வரின் உதவி மையம் 1100இல் புகார் சொன்னாலும் முதலில் கேட்பது எண்ணைத்தான்.

கடைசி வரியில் “ஆவண செய்யுமாறு” என்று எழுதுபவர்கள் ஏராளம். ஆவணம் என்றால் பத்திரம். வேண்டியது ‘ஆவன’, ஆகவேண்டியவற்றைச் செய்யுமாறு என்று பொருள். அதைவிட “வழங்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்” இன்னும் நல்லது, என்ன செய்யவேண்டும் என்று அதில் இருக்கிறது.

அதிகாரி பெயருக்கு முன்னால் வரும் ‘உதவி’, ‘துணை’ இரண்டும் ஒன்றல்ல. உதவி ஆணையருக்கு மேல் துணை ஆணையர், அவருக்கு மேல் இணை ஆணையர், அதற்கும் மேல் கூடுதல் ஆணையர். துணை ஆணையருக்கு எழுதும் கடிதத்தில் உதவி ஆணையர் என்று போட்டால் அவரை ஒரு படி இறக்கிவிட்டீர்கள்.

அரசிடமிருந்து வரும் பணத்தின் பெயரில் உரிமையின் அளவு தெரியும். மானியம் என்பது விலையிலோ செலவிலோ ஒரு பகுதியை அரசு ஏற்பது; மீதி உங்களுடையது. உதவித்தொகை தகுதி பார்த்து, பெரும்பாலும் மாதந்தோறும் வருவது. ஊக்கத்தொகை ஒன்றைச் செய்ததற்காக அல்லது செய்யத் தூண்டுவதற்காக. நிவாரணம் பேரிடருக்குப் பின் நிலைமையைச் சமாளிக்க. இழப்பீடு உங்களுக்கு நேர்ந்த நட்டத்துக்குச் சட்டப்படி சேரவேண்டியது. கிடைக்காவிட்டால் வழக்குப் போடலாம். கருணைத்தொகை கொடுப்பவர் விருப்பம். விபத்து, ஆலைச் சாவு போன்றவற்றில் கடைசி இரண்டையும் குழப்பிக்கொண்டால் நட்டம் பெரிது. உடனடியாகக் கையில் தரும் கருணைத்தொகைக்குக் கையெழுத்து வாங்கும் தாளில் “முழு இழப்பீடாகப் பெற்றுக்கொண்டேன்” என்று இருந்தால், பின்னால் இழப்பீடு கேட்கும்போது அந்தத் தாளையே எதிராக நீட்டுவார்கள். படித்துப் பார்த்து, அந்தச் சொல்லை அடிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மேல்முறையீடு எழுதுபவர் அந்தப் பெயரையே பயன்படுத்தலாம். “உதவித்தொகை தந்து உதவுங்கள்” என்று கெஞ்சுவதைவிட “உரிமைத் தொகைக்கான தகுதிகள் எனக்கு உள்ளன, அவை வருமாறு” என்று தொடங்குவது பொருந்தும். அதேபோல ‘ஆதரவற்ற விதவைச் சான்றிதழ்’ என்பது வருவாய்த் துறை தரும் ஒரு சான்றிதழின் பெயர். சொல் பிடிக்காவிட்டாலும் இ-சேவை மையத்தில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் கிடைக்கும்.

ரத்தம் கேட்டு அனுப்பும் செய்தி

“அவசரம்!!! ரத்தம் தேவை, உதவுங்கள், பகிருங்கள்” என்று வருகிற செய்தியில் பெரும்பாலும் தேதியே இருக்காது. நோயாளி வீடு திரும்பிய பின்னும் அது ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். எழுதவேண்டியவை: ரத்தப் பிரிவு பாசிட்டிவா நெகட்டிவா என்பதோடு, முழு ரத்தமா, தட்டணுக்களா, எத்தனை யூனிட், மருத்துவமனையும் ஊரும், ரத்த வங்கி திறந்திருக்கும் நேரம், எந்தத் தேதி எந்த நேரத்துக்குள், ஒரே ஒரு தொடர்பு எண், அந்த எண்ணை எடுப்பவர் பெயரோடு. நோயாளியின் நோயும் புகைப்படமும் வேண்டியதில்லை.

முக்கியமான ஒன்று. மருத்துவமனை கையிருப்பிலிருந்து ரத்தம் ஏற்றிவிட்டு, அதற்கு ஈடாக யாராவது வந்து கொடுங்கள் என்று கேட்டிருந்தால், நோயாளியின் பிரிவுதான் வேண்டும் என்பதில்லை. “ஈடு ரத்தம், எந்தப் பிரிவும் சரி” என்று எழுதினால் ஆள் கிடைப்பது எளிது. இதைக் கேட்காமலே ‘ஓ நெகட்டிவ்’ தேடி நாள் முழுக்க அலைவதுண்டு.

யார் கொடுக்கலாம் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால் வந்து திரும்பிப் போகிறவர் குறைவார்கள்: 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5, கடைசியாகக் கொடுத்து ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் ஆகியிருக்கவேண்டும். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். “தக்க சன்மானம் வழங்கப்படும்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் ரத்தத்தை விலைக்கு வாங்குவது தடை. போக்குவரத்துக்கு வண்டி அனுப்புகிறோம் என்று சொல்லலாம். கிடைத்ததும் அதே குழுக்களில் “கிடைத்துவிட்டது, இனிப் பகிர வேண்டாம், நன்றி” என்று போட்டுப் பழைய செய்தியை அழித்துவிடுங்கள்.

சாவு வீட்டிலும் மனம் நொந்தவரிடமும்

இரங்கல், அனுதாபம், ஆறுதல் மூன்றும் எழுத்தில் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலும் வேலை வேறு. இரங்கல் என்பது உங்கள் வருத்தத்தைத் தெரிவிப்பது. ஒரு வரியில் முடியும். அனுதாபம் என்ற சொல்லைத் துக்க வீட்டாரிடம் நேரில் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது, மேலே நின்று பார்ப்பது போல ஒலிக்கும். ஆறுதல் அவருக்குள் நடப்பது. நீங்கள் பக்கத்தில் இருந்து இடம் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

“எதாவது வேணும்னா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது பழக்கமாகிவிட்டது. அந்த நேரத்தில் என்ன வேண்டும் என்று யோசிக்கவே அவர்களால் முடியாது. சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பது தெரிந்ததுதானே, “நாளைக்குக் காலைப் பலகாரம் இருபது பேருக்கு நான் கொண்டாந்துடறேன், வேற யாரும் சொல்லியிருக்காங்களா அண்ணி?” என்று கேளுங்கள். ஃப்ரீசர் பெட்டி, சாமியானா, நாற்காலி, மயானத்துக்குச் சொல்வது, வெளியூரில் இருப்பவர்களுக்குத் தகவல், வீட்டில் நடந்த சாவானால் மருத்துவரின் சான்று. இவற்றில் ஒன்றைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து இறப்புப் பதிவை நினைவூட்ட ஒருவர் வேண்டும். 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் தாமதக் கட்டணம் கிடையாது. தாண்டினால் கட்டணமும் அலைச்சலும்.

மனம் உடைந்து பேசுபவரிடம் அறிவுரை கடைசியில் வரவேண்டியது, பல நேரம் வரவே வேண்டாதது. “தைரியமா இரு”, “உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேரு” என்ற இரண்டும் பேச்சை அடைத்துவிடும். “எப்பலேர்ந்து இப்படி இருக்கு?”, “ராத்திரி தூங்குறியா?” என்று கேட்டுவிட்டு அவர் முடிக்கும்வரை பேசாமல் இருங்கள். சாகலாம் போலிருக்கிறது என்று ஜாடையாகச் சொன்னால் நேராகவே கேட்டுவிடலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல் இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற இலவச மனநல எண்ணை நீங்களே அழைத்து அவர் கையில் கொடுங்கள். எண்ணை மட்டும் அனுப்பிவிட்டு வந்துவிட்டால் பெரும்பாலும் அழைக்கமாட்டார்கள்.

கேட்க நல்ல சொல், பொருளில் வேறு

‘துணை நின்றார்’ பாராட்டு. ‘துணை போனார்’ குற்றச்சாட்டு. தப்புக்குக் கூட்டு என்று பொருள். நன்றியுரையில் “இந்தப் பணிக்குத் துணைபோன அனைவருக்கும்” என்று அச்சடித்த அழைப்பிதழ்களைப் பார்க்க முடிகிறது. துணைபுரிந்த, துணைநின்ற என்பவையே சரி. ‘உடந்தை’யும் போலீஸ் செய்தியில்தான் வாழ்கிறது. ‘முட்டுக்கொடுப்பது’ சாயும் சுவருக்கு நல்லது. மனிதருக்குச் சொன்னால், தவறென்று தெரிந்தும் காப்பாற்றப் பார்க்கிறார் என்ற கிண்டல். ‘வக்காலத்து வாங்குவது’ம் கிட்டத்தட்ட அதுவே. ஒருவருக்காக நியாயமாகப் பேசினால் ‘பரிந்து பேசினார்’. வேலைக்கு எழுதித் தருவது பரிந்துரைக் கடிதம். சிபாரிசு என்றால் செல்வாக்கைப் பயன்படுத்தினார் என்று ஆகிவிடும். உங்களுக்கு ஓடியாடி உழைத்தவரை மேடையில் ‘எடுபிடி’ என்றோ ‘கையாள்’ என்றோ சொல்லாதீர்கள். ‘பக்கபலமாக இருந்தார்’ என்பது அதே வேலையைக் கௌரவமாகச் சொல்லும்.

இலக்கணத்தில் இடறும் இடங்கள் சில. உதவு என்ற வினைக்கு நான்காம் வேற்றுமை: அவருக்கு உதவினேன். ஆதரி, பராமரி, தாங்கு, தேற்று நான்குக்கும் இரண்டாம் வேற்றுமை: அவரை ஆதரித்தேன், அம்மாவைப் பராமரிக்கிறாள். ‘அவருக்கு ஆதரித்தேன்’ தவறு. ‘அவருக்கு ஆதரவு அளித்தேன்’ சரி. ஒற்று விஷயத்தில் ஒரு சுலபமான வழி: ‘உதவி’க்குப் பின் பெயர்ச்சொல் வந்து ஒரே சொல்லாகச் சேர்ந்தால் வல்லினம் மிகும், வினை வந்தால் மிகாது. உதவித்தொகை, உதவிக்கரம், உதவிப் பேராசிரியர். ஆனால் உதவி கேட்டார், உதவி செய்தார், உதவி பெற்றார். ஐ உருபு வெளிப்பட்டுவிட்டால் வினைக்கு முன்பும் மிகும்: உதவியைப் பெற்றார்.

இலங்கையில் எழுதுவதானால்

தமிழ்நாட்டு விண்ணப்பத்தை அப்படியே நகலெடுத்தால் அங்கே அன்னியமாக இருக்கும். அரசு மாதந்தோறும் தருவது ‘கொடுப்பனவு’, இழப்பீட்டுக்கு ‘நட்டஈடு’, படிப்புக்கான உதவித்தொகை ‘புலமைப்பரிசில்’. விண்ணப்பம் கிராம அலுவலர் வழியாகப் பிரதேச செயலகத்துக்குப் போகும். ‘அனுசரணை’ என்றால் அங்கே நிகழ்ச்சிக்குப் பணம் தந்து ஆதரிப்பது, அனுசரணையாளர் பெயர் பதாகையில் வரும்; தமிழ்நாட்டில் அதே சொல் விட்டுக்கொடுத்து இதமாக நடந்துகொள்வதைக் குறிக்கும். சென்னையில் உள்ள ஒருவரிடம் “விழாவுக்கு அனுசரணை வழங்குவீர்களா” என்று கேட்டால் தலையாட்டிவிட்டுப் பணம் தராமல் போகலாம், தப்பு அவர் மேல் இல்லை.

முடிந்த பிறகு

கைமாறு வேறு, கைமாற்று வேறு. கைமாறு செய்த நன்மைக்குப் பதில் நன்மை. கைமாற்று திருப்பித் தரவேண்டிய பணம். “கைமாற்று கருதாமல் உதவினார்” என்று எழுதினால் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை என்றாகிவிடும். ‘செய்ந்நன்றி’யில் இரண்டு ந் வரும், குறளின் அதிகாரத் தலைப்பிலும் அப்படித்தான்.

நன்றி சொல்லும்போது என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். “நீங்க சொல்லிவிட்ட அந்த ஆபீசர் மறுநாளே கையெழுத்துப் போட்டுட்டார் சார்” என்ற தகவல் “ரொம்ப நன்றி”யைவிட அவருக்குப் பயன்படும். அடுத்து யாரை அனுப்பலாம் என்று தெரிந்துகொள்வார். காரியம் நடக்காவிட்டாலும் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் நடந்துவிட்டதென்றே நினைத்துக்கொண்டிருப்பார். கைமாற்றைத் தவணை தவணையாக இழுக்காமல் ஒரே தொகையாகத் திருப்பி, “எண்ணிப் பாத்துக்கோங்க” என்று சொல்லி அவர் எண்ணும்வரை நில்லுங்கள். புரோநோட்டுக் கடனானால் பணத்தைக் கொடுத்த கையோடு நோட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். “வீட்டுல எங்கயோ இருக்கு, தேடித் தரேன்” என்றால், இந்தத் தேதியிட்ட நோட்டின் தொகை முழுவதும் வரப்பெற்றேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.